ஐஸ் பெட்டிக்குள் மோதிரச் சத்தம்

இதைப் படித்துவிட்டு "கதை நல்லா இருக்கு" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கதை கட்டத் தெரிந்தவள் இல்லை நான். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள். பெயர் ரெஜினா. ஊர் கடற்கரையோரம் கடப்பாக்கம். போன வருடம் ஜூலை மாதம் என் வீட்டுக் கூடத்தில் நடந்ததை எழுதுகிறேன். அப்போது நான் தூங்கவில்லை. காய்ச்சல் இல்லை. அழுதுகொண்டுகூட இருக்கவில்லை.

என் கணவர் கிருபாகரன். செங்கல்பட்டில் அரசாங்க ஆபீஸில் கிளார்க். ஆனால் ஊர் அவரை அறிந்தது வேறு வேலைக்காக. எங்கள் பக்கத்துச் சபைகளில் யாராவது இறந்தால், அடக்கத்துக்கு முன்னால் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பை மைக்கில் வாசிப்பது வழக்கம். அதை எழுதுவதும் இவர்தான், வாசிப்பதும் இவர்தான். மாமல்லபுரத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் எந்தச் சாவென்றாலும் இவருக்குத்தான் போன் வரும். குரல் அப்படி. குடித்துவிட்டுப் பெண்டாட்டியைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தவனைக்கூட "இல்லாளை இதயத்தில் வைத்துத் தாங்கிய உத்தமர்" என்பார். அடி வாங்கியவளே அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுவாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கருங்குழியில் அப்படி ஒரு சாவு. நானும் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "எதுக்குங்க இவ்ளோ பொய்?" என்று. வேறொன்றும் கேட்கவில்லை. அன்றோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கோபம் நாலு நாளில் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கல்யாண மோதிரத்தால் மேஜையில் தட்டுவார். ஒருமுறை தட்டினால் தண்ணீர். இரண்டு முறை தட்டினால் சோறு. மூன்று முறை என்றால், நான் எங்கே இருந்தாலும் வந்து எதிரில் நிற்க வேண்டும். நாயைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மோதிரச் சத்தம். வெளியாட்கள் வந்தால் அவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவார். அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் மகன் ஜெபாவுக்கு மட்டும் தெரியும். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவன் அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டான். தப்பித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள். ஒருவர் இல்லை, இரண்டு டாக்டர்கள்.

மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, கோட்டு போட்டு, கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்தோம். பெட்டியைக் கொண்டுவந்தவர் குமார். எங்கள் ஊரில் ஷாமியானா, நாற்காலி, மைக்செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். நெஞ்சில் பைபிளை வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் சேர்த்து வைத்தது நான். மோதிரம் கழலவில்லை. விரல் வீங்கிவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை அடக்கம். சாயங்காலம்தான் அந்தப் பேச்சு வந்தது. வாழ்க்கைக் குறிப்பை யார் எழுதுவது? ஊருக்கெல்லாம் எழுதியவர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார்.

"அண்ணி, நீதான் எழுதணும், நீயே படிக்கணும். அண்ணன் எத்தினி பேருக்கு எழுதிக்கீறாரு! அவருக்கு எவனோ வந்து எழுதுனா நல்லாவா கீது?" என்றாள் அவருடைய தங்கை விஜயகுமாரி.

ஜெபா என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அம்மா, அப்பா ஆபீஸ்லேர்ந்து எல்லாம் வராங்க. ரெண்டு வார்த்த நல்லதா சொல்லிட்டு வந்துடும்மா. எதுக்கு பேஜாரு?"

தலையாட்டினேன். ஆனால் அப்போதே முடிவு செய்துவிட்டேன். என்னைப் பதினோரு வருடம் தட்டித் தட்டி வேலை வாங்கியவர் நாளைக்குக் குறுக்கே தட்ட முடியாது. மைக் என் கையில் இருக்கும். அவரைப் புகழ்ந்த ஊர் எதிரில் இருக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அதைச் சொல்லிவிட்டால் நான் விட்டு விடுதலையாகிவிடுவேன் என்று நம்பினேன்.

ராத்திரி பதினொன்றரை மணி...

எல்லாரும் வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே முடங்கிவிட்டார்கள். கூடத்தில் நானும் அவரும். பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'என் கணவர் நல்லவர் இல்லை.' இதுதான் முதல் வரி. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

ஐஸ் பெட்டியின் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். ஓடும்போது கூடமே உறுமும். நின்றால் கடல் சத்தம் மட்டும் கேட்கும்.

மோட்டார் நின்றது.

டக்.

பல்லி எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மோட்டார் மறுபடி ஓடியது. நான் எழுதினேன். மோட்டார் நின்றது.

டக்.

என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. சமையலறைக்குப் போய்விட்டேன். சொம்பைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது... யாருக்குத் தண்ணீர்?

சொம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நான் எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, செத்தும் திருத்த வந்துவிட்டார் என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்று அந்த வரியை அடித்துவிட்டு, 'என் கணவர் உத்தமர்' என்று எழுதினேன். மோட்டார் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நின்றது.

டக்.

அப்படியானால் பேச்சைப் பற்றி இல்லை. நான் என்ன எழுதுகிறேன் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஒருமுறை தட்டினால் தண்ணீர். அவ்வளவுதான்.

கண்ணாடி மேல் பனி படர்ந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். முகம் அப்படியேதான் இருந்தது. மூக்கில் பஞ்சு. தாடையில் கட்டு. நெஞ்சில் பைபிள். அதன்மேல் இடது கை.

வலது கை இல்லை.

அது பக்கவாட்டில் இறங்கிக் கிடந்தது. மோதிரம் பெட்டியின் தகட்டை ஒட்டியிருந்தது.

"மோட்டாரு அதிர்வுல சரிஞ்சிக்கீது," என்று வாய்விட்டுச் சொன்னேன். "வேற ஒன்னுமில்ல."

மோட்டார் ஓடவில்லை.

டக்.

ஜெபாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பயத்தில் குரல் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று கொதித்தது. கோபம். பதினோரு வருடக் கோபம்.

"எந்திரிக்க மாட்டேன்," என்றேன்.

டக்.

"வாயத் தொறந்து கேளு. ரெஜினான்னு என் பேரச் சொல்லிக் கூப்புடு. தரேன்."

சத்தம் இல்லை.

வெகுநேரம் இல்லை...

கடல்கூட நின்றுவிட்டது போலிருந்தது.

டக்.

விடியற்காலை வரை தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. நாலு மணி சுமாருக்கு அது நின்றது. வாசலில் காபி கொண்டுவந்த சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளும் பைபிள் மேல் இருந்தன.

காலையில் ஷாமியானா நிறையக் கூட்டம். ஆபீஸ்காரர்கள், சபையார், அவர் பேசிய சாவு வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள். எங்கள் சபை ஐயர் ஜெபம் சொல்லி முடித்ததும் மைக்கை என்னிடம் கொடுத்தார். எழுதிய தாளை நான் எடுக்கவே இல்லை. நேராகச் சொன்னேன்.

"என் கணவர் ஊருக்கெல்லாம் பேசினார். என்னிடம் பதினோரு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மோதிரத்தால் தட்டித்தான் கூப்பிடுவார். ஒருமுறை தட்டினால் ஒரு அர்த்தம், இரண்டு முறை தட்டினால் ஒரு அர்த்தம். நேற்று ராத்திரி இந்தப் பெட்டிக்குள் இருந்தும் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை."

ஜெபா தலையைக் குனிந்துகொண்டான். சொல்லிவிட்டேன், தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்போது விஜயகுமாரி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "செத்தும் உன்னத்தான் தேடிக்கினு கீறாரு பாரு அண்ணி! எத்தினி பாசம்!"

அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஐயர் மைக்கை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வார்த்தையே தேவைப்படாத தாம்பத்தியம். சகோதரி எவ்வளவு அழகாகச் சொன்னார்கள்," என்றார். ஆபீஸ்காரர் ஒருவர் வரிசையில் வந்து, "சாரே பேசின மாதிரி இருந்துச்சும்மா," என்று கும்பிட்டார்.

நான் என்ன சொன்னால் என்ன? இந்த ஊருக்குச் சாவு வீட்டில் உண்மையைக் கேட்கும் காதே இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அடக்கம் முடிந்தது. சாயங்காலம் குமார் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

இருபது நாள் இருக்கும். ஒரு மத்தியானம் குமார் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அக்கா, ஒன்னு கேக்கணும். தப்பா நெனச்சிக்காத. அன்னிக்கி மைக்குல சொன்னியே... ஒரு தபா தட்டுனா இன்னா அர்த்தம்?"

"எதுக்குக் கேக்குற?"

"அந்தப் பொட்டி தட்டுது அக்கா. ரெண்டு சாவுக்குக் குடுத்தேன். ரெண்டு வூட்லயும் ராவுல சத்தம் கேட்டு, பாதில எட்த்துக்கினு போன்னுட்டாங்க. மோட்டார கழட்டிப் பாத்தேன். ஒன்னும் லூசா இல்ல. இப்ப ஷெட்டுல சும்மா கீது. கரண்ட்டே குடுக்கல. அப்பவும் தட்டுது."

குமார் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பெட்டியின் உள்பக்கத் தகடு. வலது கை இருக்கும் இடத்தில் குழி குழியாகச் சின்னச் சின்ன நசுங்கல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக. எண்ண முடியாது.

"பழைய பொட்டியா இருக்கும்," என்றேன்.

"புதுசு அக்கா. பிளாஸ்டிக் உறையப் பிரிச்சதே உன் வூட்லதான். உன் வூட்டுக்காரர்தான் மொத ஆளு."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி," என்றேன். "ஒரு தபா தட்டுனா தண்ணி."

குமார் தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. வந்தது அதற்காக மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"நேத்து ராவு தட்டல அக்கா," என்றார்.

"அப்புறம் இன்னா?"

"பேசுச்சு. அண்ணன் கொரலு. சாவு வூட்ல கேட்டுக்கீறனே, எனக்குத் தெரியாதா? ஒரே வார்த்த. திரும்பத் திரும்ப அதேதான்..."

"இன்னா வார்த்த?"

"உன் பேரு."

அன்று ராத்திரி பெட்டியைப் பார்த்து நான் சொன்னதை மைக்கில் சொல்லவில்லை. ஜெபாவிடம் சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பெட்டி இன்னும் குமாரின் ஷெட்டில்தான் இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா என்று வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறார். கொஞ்சம் பொறு என்கிறேன். போன் வழியாகப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கிறது... ரெஜினா... ரெஜினா...

பெயர் சொல்லிக் கேட்டால் தருகிறேன் என்று சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. சமையலறையில் சொம்பு நிறையத் தண்ணீர் தயாராக இருக்கிறது. தினமும் மாற்றி வைக்கிறேன். ஷெட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

இன்னும் போகவில்லை. என் பெயரைக் கேட்க நான் பதினோரு வருடம் காத்திருந்தேன். அவரும் காத்திருக்கட்டும்.