திரைக்கு அந்தப் பக்கம் பாய், இந்தப் பக்கம் பாயம்மா

அந்தத் திரை பச்சை நிறம். பழைய புடவை ஒன்றைக் கிழித்துத் தைத்தது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில், என் கடையை ஒட்டியிருந்த சின்னக் கடையின் நடுவே அது தொங்கும். திரைக்கு உள்ளே பாய் உட்கார்ந்து பென்சிலால் முகங்களை வரைவார். வெளியே பெஞ்சில் அவர் மனைவி பாயம்மா, படம் கேட்டு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். வரைகிறவருக்கு வந்தவர்களைத் தெரியாது, வந்தவர்களுக்கு வரைகிறவரைத் தெரியாது. எனக்குத் தொழில் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுவது. அவர்கள் வரைந்ததெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு படத்தையும் கண்ணாடிக்கு அடியில் வைக்கும்போது எனக்குள் ஒரே கேள்விதான் குடையும். இதை வரைந்தது யார்?

அவர்கள் வரைந்தது எல்லாமே செத்துப்போனவர்களின் முகங்கள். அதிலும் உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போனவர்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். இன்று என் பேரன் சோறு தின்பதைக்கூடப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், பார்க்க எனக்குத்தான் பொறுமை இல்லை. அன்று சின்னசேலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். மச்சு வீடு கட்டியாயிற்று, சுவரில் அப்பாவை மாட்ட வேண்டும், அப்பாவுக்குப் படம் இல்லை என்பார். பாயம்மா அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விசாரிக்க ஆரம்பிப்பார். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று எடுத்த எடுப்பில் கேட்கமாட்டார். "கோவம் வந்தா உங்கப்பா இன்னா பண்ணுவாரு? கத்துவாரா, இல்ல வாய மூடிக்கினு போயிடுவாரா?" என்றுதான் தொடங்குவார். வந்தவர் சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ ஏதோ சொல்வார். திரைக்கு உள்ளே பென்சில் ஓடும். பிறகு திரைக்குக் கீழே ஒரு தாள் வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்வதைப் பாயம்மா இரண்டே வார்த்தையில் உள்ளே அனுப்புவார்: கம்மி, ஜாஸ்தி. "தாட ஜாஸ்தி." "மீசை கம்மி." "சிரிப்பு ஜாஸ்தி, கொறைங்க." தாள் உள்ளே போகும், வெளியே வரும். அவர்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளமாட்டார்கள். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே அவர்கள் குடும்பமும் நடத்துகிறார்களோ என்று நான் கிண்டல் செய்வதுண்டு. "கொழம்புல உப்புக்கும் அதேதான்" என்பார் பாய்.

திரையை நான் வெகுநாள் பெண்கள் முகம் மறைக்கும் கோஷாவுக்காகப் போட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஊருக்கே முகம் காட்டி வெளியே உட்கார்ந்திருப்பது பாயம்மா. ஒளிந்திருப்பவர் பாய். ஒருநாள் கேட்டேவிட்டேன். பாய் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அவர் முதலில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். முதன்முதலாக ஒருவர் தன் அப்பாவை வரையச் சொல்லி எதிரே உட்கார்ந்திருக்கிறார். பாய் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வரைந்து முடித்தால், வந்தவரே நரைத்த மீசையோடு தாளில் இருக்கிறார். வீட்டில் மாட்டிய அன்று பங்காளிகள் எல்லாம், உயிரோடு இருக்கிறவனுக்கே மாலை போட்டுவிட்டாயே என்று சிரித்திருக்கிறார்கள். "எதுர்ல யாரு குந்தினு இருந்தாலும் என் கை அவங்களத்தான் போடுது. நான் இன்னா பண்றது?" என்றார் பாய். அதற்குப் பாயம்மா கண்டுபிடித்த வைத்தியம்தான் அந்தப் பச்சைப் புடவை. பாயம்மா பார்ப்பார், பாய் வரைவார். பாயம்மாவுக்குப் பென்சில் பிடிக்கவே தெரியாது. பாய்க்கு மனிதர்களிடம் பேசத் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு ஓவியர் என்று நான் ஒருமாதிரி முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவும் ஆட்டம் கண்டது, மலையிலிருந்து அந்த அம்மா தன் மகளோடு வந்த அன்று.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு சின்ன ஊர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டாராம். பெண் பிடிவாதக்காரி. பெஞ்சில் உட்காரும்போதே சொல்லிவிட்டாள்: "எங்கப்பா மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுத்தான் தாலி கட்டிக்குவேன். இல்லன்னா இந்தக் கல்யாணமே வேணாம்." விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பாயம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். தாள் வெளியே வந்தது. அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். கண் பெரிது என்றார். அடுத்த தாளில் கண் பெரிதாக வந்தபோது சின்னக் கண்தான் என்றார். மூக்குக்கும் அதே கதை. பாயம்மாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. சட்டென்று பெண்ணைப் பார்த்து, "பக்கத்துக் கடையில சாமி படம்லாம் இருக்குது, போய்ப் பாத்துக்கினு இரும்மா" என்று என்னிடம் அனுப்பிவைத்தார். அவள் வந்து என் கடையில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு முன்னால் நின்றாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எந்தப் பகுதி அப்பாவுடையது என்று தேடுகிறாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவளை அங்கே விட்டுவிட்டு, ஆணி கேட்கிற சாக்கில் நான் பாய் கடைப் பக்கம் போனேன். எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். "மறந்துபோச்சிங்கம்மா. தெனமும் நெனச்சிக்கினேதான் இருந்தேன். நெனச்சி நெனச்சியே தேஞ்சிபோச்சோ இன்னாவோ, மூஞ்சி வரவே மாட்டேங்குது. எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பாயம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து என் கடையை எட்டிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்ற பெண்ணின் முகத்தை ஊன்றிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நெத்தி ஜாஸ்தி. தாட கம்மி."

உள்ளே பென்சில் ஓடவில்லை.

"யாரு சொன்னது ஜாஸ்தின்னு?" என்றார் பாய். "அந்தம்மா வாயே தொறக்கலியே."

"போடுங்க, சொல்றேன்."

"நீ பாத்துச் சொல்றேன்னு நம்பித்தான் நான் இத்தினி பேர போட்டுக்கினு இருக்கேன். நீயே அளந்துவுட்டா? நாளைக்கு அந்தப் பொண்ணு யாரோ ஒருத்தன கும்புட்டுக்கினு கெடக்கும்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவர்கள் சண்டை போட்டு அன்றுதான் கேட்டேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. ஆணியை மறந்துவிட்டு நின்றேன். பிறகு பாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ரெண்டு பேரும் சேந்து எங்கெல்லாம் போவாங்கன்னு கேளு."

பாயம்மா கேட்டார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கீங்க போறது? காட்டுக்குப் போவோம். வாரச் சந்தைக்கு எறங்குவோம். மலையில எல்லாம் ஒத்தயடிப் பாததான். அவரு முன்னாடி போவாரு, நான் பின்னாடி போவேன்."

"பின்னாடி போறப்ப இன்னா தெரியும்?"

இதைக் கேட்டவர் பாயா பாயம்மாவா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. இரண்டு குரலும் சேர்ந்து வந்ததுபோல் ஒரு ஞாபகம். ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மாவை நிறுத்த முடியவில்லை. பின்கழுத்தில் மூட்டை தேய்த்துக் காய்த்துப்போன இடம். இடது காது மடலில் கடுக்கன் அறுத்துப் பிளந்த பிளவு. உச்சியில் ரெட்டைச் சுழி. சுமை இல்லாதபோதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும் வலது தோள். மேட்டில் ஏறும்போது துண்டை அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளும் பழக்கம். தாள் வெளியே வந்தது. பாயம்மா வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா சொன்னார்: "கழுத்து ஜாஸ்திங்க. இன்னும் மெலிசு." தாள் போய் வந்தது. "காது கம்மிங்க." இன்னொரு தடவை போய் வந்தபோது அந்த அம்மா தாளில் இருந்த முதுகின்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

படம் என் மேசைக்கு வந்தது. ஒரு ஆள் நம்மை விட்டு நடந்து போகிறான். முகம் இல்லை, கொஞ்சம் கன்னமும் காதும்தான். எத்தனையோ படத்துக்குச் சட்டம் போட்டவன் நான், அன்று கை ஓடவில்லை. "பாய், முதுகுக்கு யாராவது மாலை போடுவாங்களா?" என்று கேட்டேன். "எனக்கும் அதே பயந்தான்" என்றார். பாயம்மா மட்டும், "இதுல பொய் இல்ல. அது போதும்" என்றார். ஆனால் அவர் முகத்திலும் தெளிவில்லை.

பெண் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே நான் அடித்த வெறும் பலகை. "மூஞ்சி எங்கம்மா?" என்றாள்.

"நான் பாத்துக்கினே போனது இததாண்டி. எனக்கு இவ்ளோதான் தெரியும்" என்றார் அந்த அம்மா. மகளிடம் மறைக்கச் சொன்னவர் தானே சொல்லிவிட்டார். படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கல்யாண நாள் நெருங்க நெருங்கப் பாய்க்கு வேலை ஓடவில்லை. "அந்தப் பொண்ணு வேணாம்னுட்டா அது நம்ம கையால ஆன கேடு" என்று புலம்பினார். கடைசியில் பாயம்மா கடையைப் பூட்டினார். மூன்று பேரும் புறப்பட்டோம். கச்சிராயபாளையம் வரை பஸ், அதற்கு மேல் மரம் ஏற்றப் போன லாரி, அதற்கும் மேல் நடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் ஊருக்குப் புறப்பட எல்லாரும் வாசலில் தயாராக நின்றார்கள். தாலி கட்டுவது அங்கேதான். பெண் மட்டும் புதுப்புடவையோடு உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே படம். எழுந்திருக்கச் சொல்லி யார் கூப்பிட்டும் அவள் அசையவில்லை. அந்த அம்மா வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாயம்மாதான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் சேர்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்தான் பேசினாள். "இவரு எங்கம்மாவ வுட்டுட்டுப் போறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்டி இல்லல்ல? பாத காட்டிக்கினு போறாரு."

"ஆமாம்மா" என்றார் பாயம்மா.

அவள் எழுந்து படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கூட்டத்தில் யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். திரைக்கு உள்ளே வரைந்தவர் அவர்தான் என்று தெரியாமலே பாயிடம் நீட்டினாள். "இத முதுகுல கட்டிக்கினு முன்னாடி போங்க. படம் என்னப் பாத்தாப்ல இருக்கணும். நான் பின்னாடி வரேன்."

என் துண்டால் படத்தைப் பாயின் முதுகில் கட்டினேன். பாயம்மா தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒற்றையடிப் பாதையில் பாய் முன்னால் இறங்கினார், அவருக்குப் பின்னால் அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் அவள் அம்மா, பிறகு நாங்கள். சரிவு வந்தது. பழக்கமில்லாத பாதை, எல்லாரும் தன் பின்னால் வருகிற பதற்றம், பாய் வேகம் வேகமாக நடந்தார்.

"அப்பா, மெதுவாப் போ" என்றாள் அவள்.

பாய் நடையைக் குறைத்துக்கொண்டார்.