ஒண்ணுகூட உடையல!

இந்தப் பத்தியைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சோபா காலியில்லை. அங்கே அட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

போன மாதம் ஒருநாள், ஆபீஸ் விட்டு வந்த களைப்பில் தெரியாமல் அந்த சோபாவில் சாய்ந்துவிட்டேன். 'நறுக்'கென்று ஒரு சத்தம்.

"எந்திரிங்க... எந்திரிங்க! பொட்டி!"

அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் என் மனைவி ஜெஸி. என்னைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, எனக்கு அடியில் கிடந்த பெட்டியை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. அதைத் தடவிக்கொடுத்தாள்.

"ஏளா, எனக்கு ஏதும் குத்திச்சான்னு கேக்க மாட்டியா?"

"உங்களுக்கென்ன, நல்லாத்தான இருக்கீய. இது நாளைக்கு பேக்கரி அண்ணாச்சிகிட்ட போகணும்!"

கல்யாணத்துக்கு முன்னால் ஜெஸி சிவகாசியில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் டிசைனர். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தாள். பையன் பிறந்தான். வளர்ந்தான். அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன மறுவாரமே பழையபடி லேப்டாப், ஸ்கேல், கட்டர் கத்தி என்று இறங்கிவிட்டாள். பொழுதுபோகாமல் செய்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

"பொழுது போகாமயா? இது என் தொழிலு" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த காபியில் சர்க்கரை இல்லை.

அவள் செய்துகொண்டிருந்தது மக்ரூனுக்கு ஒரு பெட்டி. ஒரே அட்டை. ஒரு சொட்டுப் பசை கிடையாது, பின் கிடையாது, டேப் கிடையாது. மடிக்க மடிக்கச் சுவர் எழும்பும், உள்ளே சின்னச் சின்ன அறைகளாகப் பிரியும், கடைசியில் ஒரு நாக்கு போய் ஒரு வெட்டில் நுழைந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்த 'டக்' வருவதற்காக அவள் எத்தனை அட்டையை வெட்டிப் போட்டாள் என்று எங்கள் வீட்டுக் குப்பை எடுக்க வருபவரைக் கேட்டால் தெரியும்.

மக்ரூன் தெரியும்தானே? முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கூம்பு கூம்பாகச் சுட்டு எடுப்பது. எங்கள் ஊரின் கௌரவம். ஆனால் ரோஷக்காரப் பலகாரம். கொஞ்சம் அழுத்திப் பார்த்தால்கூடப் பொடிந்துவிடும். ஒருதடவை சென்னையில் எங்கள் மேனேஜருக்குப் பெட்டியாகக் கொண்டுபோய் நீட்டினேன். திறந்தார்... திருநீறு மாதிரி இருந்தது. மரியாதைக்கு ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இதற்குப் பசையில்லாத பெட்டிதான் வேண்டுமா? நானும் கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கப்பல் ஆபீஸ்லதான வேல பாக்கீய? கண்டெய்னர் மேல கண்டெய்னர் அடுக்குதீயள்லா, நடுவுல பசையா தடவுதீய?"

"இல்ல... மூலைக்கு மூல ட்விஸ்ட் லாக்குன்னு ஒரு பூட்டு போடுவோம்."

"அவ்ளவுதான். நம்ம ஊர் காத்துக்குப் பசை இளகிரும். அதுக்கு மேல டேப்ப போட்டுச் சுத்துதாங்க. அதத் தொறக்கணும்னா கிழிக்கணும். கிழிக்கிற வேகத்துல உள்ள இருக்கது நொறுங்கிரும். நாக்கு வச்சுப் பூட்டுனா அப்படியில்ல. தொறக்கலாம், திரும்பப் பூட்டலாம்."

கப்பலும் கண்டெய்னருமாகவே என் வாழ்க்கை கழிகிறது. ஒரு மக்ரூன் பெட்டி வந்து எனக்குத் துறைமுகத்தை விளக்கியது.

தெருமுனை பேக்கரி தங்கராஜ் அண்ணாச்சிதான் ஜெஸி குறிவைத்த வாடிக்கையாளர். அவர் சரி என்று சொன்னால் மாதாமாதம் ஆர்டர். ஜெஸியின் பெயரில் வரப்போகும் முதல் ஆர்டர். அதற்கு விசிட்டிங் கார்டுகூட அடித்து வைத்திருந்தாள். ஒன்றை எனக்கும் கொடுத்தாள், யாரோ வெளியாளுக்குக் கொடுப்பது போல, இரண்டு கையாலும்.

நான் உட்கார்ந்து நசுக்கியதற்குப் பதிலாக வேறொன்று செய்து, மக்ரூன் நிரப்பி, மறுநாள் காலையில் அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். 'டக்' என்று ஜோராகப் பூட்டியது. "விடியக்கால வண்டியில ஒரு பார்ட்டி வாராவ, அவகளுக்குக் குடுத்துப் பாக்கேன்" என்று ஷெல்ஃபில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவரே போன் செய்தார். "எம்மா, கொஞ்சம் கடைக்கு வாரியளா?"

போனோம். பெட்டி திறக்கவில்லை. பார்ட்டி முயன்றிருக்கிறார். அண்ணாச்சி முயன்றிருக்கிறார். ரொட்டி சுடும் மாஸ்டர் முயன்றிருக்கிறார். எல்லாரும் முயன்றதில் பெட்டி அழுக்காகியிருந்தது. ராத்திரி முழுக்கக் கடல் காற்றைக் குடித்த அட்டை உப்பிப்போய், நாக்கை அந்த வெட்டு கவ்விப் பிடித்துக்கொண்டது.

"மக்ரூன் உள்ள பத்திரமாத்தாம்மா இருக்கு" என்றார் அண்ணாச்சி பெருந்தன்மையாக. "திங்கத்தான் வழியில்ல."

நான் சிரித்துவிட்டேன். ஜெஸி சிரிக்கவில்லை. சிவகாசியின் காய்ந்த காற்றில் படித்த தொழில். அங்கே போட்ட அளவையே இங்கேயும் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தன்மேல்தான் கோபம்.

சாயங்காலம் பார்த்தால் பால்கனிக் கொடியில் துணிக்குப் பதில் அட்டைகள் தொங்குகின்றன. கிளிப் மாட்டி, வரிசையாக. உப்பளப் பக்கமிருந்து வருகிற காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"தூத்துக்குடிக் காத்து முதல்ல பழகட்டும், பெறவு வெட்டுதேன்" என்றாள். "சிவகாசியிலருந்து வந்தப்ப எனக்கும் கொஞ்ச நாள் ஆகலியா?"

நான் ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

இந்தமுறை வெட்டைக் கொஞ்சம் அகலமாக்கினாள். காற்றுக் குடித்த பிறகும் 'டக்' என்று பூட்டியது, ஒரு விரல் அழுத்தினால் திறந்தது. பெருமையாக எடுத்துக்கொண்டு போனோம். அண்ணாச்சி திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"பொட்டி ஜோராத்தான் இருக்கு. ஆனா எனக்கு எதுக்கு? காயல்பட்டினத்துலருந்து ராபியான்னு ஒரு பிள்ள வரும். ஷார்ஜாவுல இருக்க மாப்பிள்ளைக்கு நம்ம பழைய பொட்டியிலதான் கொடுத்தனுப்புது. எத்தன வருஷமாச்சு! இதுவரைக்கும் ஒண்ணுகூட உடையலன்னு அந்த மாப்பிள்ள சொல்லுதாராம். ஷார்ஜாவுக்கே முழுசா போகுதுன்னா, மெட்ராஸுக்குப் போகாதா?"



இதில் வேடிக்கை, அந்த ராபியா வேறு யாருமில்லை... ஜெஸியோடு காலேஜில் ஒரே பெஞ்சில் படித்தவள். ஜெஸி அங்கேயே நின்று போன் போட்டாள். "உண்மையச் சொல்லு ராபி, உடையலியா?"

"இல்லடி. நான் எதுக்குப் பொய் சொல்லுதேன்? ஒவ்வொரு தடவையும் கேப்பேன். 'ஒண்ணுகூட உடையல'ன்னுதான் அவுக சொல்லுவாக."

காயல்பட்டினத்திலிருந்து யாராவது ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகும்போது, அவர்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டு, மாசிக் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் சொருகி அனுப்புவது. திருவனந்தபுரம் வரை காரில் குலுங்கி, விமானத்தில் ஏறி, இறங்கி, தூக்கிப்போடப்பட்டு... அதில் ஒண்ணுகூட உடையவில்லையா? ஜெஸியால் நம்பவும் முடியவில்லை, தோழியைச் சந்தேகப்படவும் முடியவில்லை.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க" என்றாள். "உங்க பொட்டி ஒண்ணு, என் பொட்டி ஒண்ணு. ரெண்டும் ராபி மாப்பிள்ளகிட்டயே போகட்டும். அவர் வீடியோவுல தொறக்கட்டும், நம்ம எல்லாரும் பாப்போம். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா நான் பெறவு இந்தப் பக்கமே வரல."

அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். அவள் பந்தயம் வைத்தது அந்த விசிட்டிங் கார்டை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கரியில் கூடினோம். ராபியா காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்தாள். பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் ஜமால் தெரிந்தார். ராபியாவின் கணவர். விடுமுறை நாள், கைலியில் இருந்தார். நாங்கள் அண்ணாச்சி பக்கம் ஒதுங்கி நின்றோம். போனில் அவருக்குத் தெரிந்தது ராபியா மட்டும்தான்.

"ரெண்டு பொட்டி வந்துச்சுல்லா? டேப் சுத்துனத முதல்ல தொறங்க."

ஜமால் கத்தியால் டேப்பை அறுத்தார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். ஒரு நொடி. மூடியைச் சாத்தினார். முகம் நிறையச் சிரித்தார்.

"மாஷா அல்லாஹ்... ஒண்ணுகூட உடையல ராபியா!"

"கேட்டியளா?" என்று அண்ணாச்சி என் விலாவில் இடித்தார். ஜெஸி விசிட்டிங் கார்டு இருந்த தன் கைப்பையின் ஜிப்பை மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு வலித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எனக்காக விட்டுக்கொடுத்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தனக்காக ஒன்றைக் கேட்டு அது கிடைக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னொரு பொட்டியையும் தொறங்க" என்றாள் ராபியா.

ஜமால் அதைத் திருப்பித் திருப்பி டேப்பைத் தேடினார். இல்லை. நாக்கைக் கண்டுபிடித்தார். விரலால் அழுத்தினார். திறந்தது.

குனிந்து உள்ளே பார்த்தார். அப்புறம் பேக்கரியே அதிரும்படி ஒரு கூச்சல்.

"ராபியா! இங்க பாரு! முழுசா இருக்கு! கூம்பு, மூக்கு எல்லாம் அப்படியே இருக்கு! முதத் தடவையா முழுசா வந்திருக்கு ராபியா!"

பெட்டியை அப்படியே கேமராவுக்கு நேரே காட்டினார். ஒவ்வொரு அறையிலும் ஒரு மக்ரூனாக, குளித்து உடுத்திய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

அண்ணாச்சி என் விலாவிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டார்.

"முதத் தடவையாவா?" என்றாள் ராபியா.

அங்கே சிரிப்பு நின்றது.

"அந்த முதப் பொட்டியக் காட்டுங்க."

"அது... எதுக்கு இப்ப..."

"காட்டுங்கங்கேன்."

காட்டினார். என் சென்னை மேனேஜர் பார்த்த அதே திருநீறு.

"அப்ப இத்தன வருஷமா?"

"சாயாவுல போட்டுக் குடிப்பேன். கரண்டியால அள்ளித் திம்பேன். ருசி ஒண்ணும் கொறையல ராபியா, சத்தியமா."

"ஒடஞ்சிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஜமால் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ அனுப்புறத நிறுத்திருவியே."

ராபியா போனைக் கட் செய்துவிட்டாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொய்யி... எல்லாம் பொய்யி" என்று ஷெல்ஃபில் இருந்த ரொட்டிகளைப் பார்த்துச் சொன்னாள். எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணாச்சி தன்னுடைய பழைய பெட்டி ஒன்றை எடுத்து, அது ஏதோ துரோகம் செய்துவிட்டது போல முறைத்தார்.

ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ராபியாவே திரும்பப் போன் போட்டாள். "சாயாவுல எத்தன கரண்டி போடுவீக?" என்று கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் போனாள்.

திறக்கலாம், திரும்பப் பூட்டலாம் என்று ஜெஸி சொன்னது பெட்டியைப் பற்றி மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

உண்மையைப் பேசுவதே உயர்ந்த அன்பு என்று இதே பத்தியில் பலமுறை எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்... அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு மனுஷன் வருஷக்கணக்காகத் தூளைத் தின்றுவிட்டுக் கூம்பு என்று சொல்லியிருக்கிறான். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பேசி முடித்து வந்த ராபியா அண்ணாச்சியிடம் சொன்னாள்: "அடுத்த தடவ ஜெஸி பொட்டியில ஒண்ணு குடுங்க. கூடவே ஒடஞ்ச தூளு ஒரு பாக்கெட்டும் வேணும். சாயாவுக்கு அது இல்லாம அவுகளுக்கு ஆகாதாம்."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். அப்புறம் ஜெஸி பக்கம் திரும்பினார். "எம்மா, உங்க கார்டு ஒண்ணு குடுங்க."

இரண்டு கையாலும் கொடுத்தாள். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது... பேக்கரி இல்லையா, மைதா பறக்கும்.

ஆக, முதல் ஆர்டர் வந்துவிட்டது. அதனால்தான் நான் தரையில். நேற்று முழுக்க ஜெஸி சிவகாசிக்குப் போன் போடுவதும் அளவு சரிபார்ப்பதுமாக இருந்தாள். அடுப்பில் ஒரு கண், அட்டையில் ஒரு கண். மதியம் மீன் குழம்பு. கரண்டியை விட்டுத் துழாவினேன். குழம்பு இருந்தது. மீன் இருந்ததற்கான அடையாளமும் இருந்தது. துண்டு என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் கரைந்து, உதிர்ந்து, முள்ளும் சதையுமாக மிதந்தது.

கையில் ஸ்கேலோடு எதிரே வந்து நின்றாள் ஜெஸி.

"மீன் எப்படி இருக்கு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்:

"ஒண்ணுகூட உடையல!"