பதினெட்டுக் குழியும் ஒரு படலையும்

வரி அலுவலகத்தில் வேலை செய்பவனுக்கு ஊரில் நண்பர்கள் இருக்கமாட்டார்கள்; இருந்தால் அவர்களும் அதே அலுவலகத்தில்தான் இருப்பார்கள். கபில நிறக் கடித உறையைக் கண்டதும் பிரிக்காமல் ஒளித்துவைக்கும் வாசகர்களே, கோபிக்க வேண்டாம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் தென் லண்டனில் ஒரு கவுன்சிலில் இருந்து அந்த உறைகளை அனுப்பியவர்களில் நானும் ஒருவன். எனக்கு வந்த உறையையும் நானேதான் ஒட்டினேன்.

திடீர்ப் பூங்கா

பொதுப் பூங்காவுக்கு வரி இல்லை, கோல்ஃப் மைதானத்துக்கு உண்டு. இதைக் கண்டுபிடித்த ஒரு கோல்ஃப் கழகம் எங்களுக்கு மூன்று பக்கத்தில் விண்ணப்பம் எழுதியது. தங்கள் மைதானம் உண்மையில் அயலவர்களின் திறந்த வெளியாம். பறவைகள் வருமாம், நரிகூட வருமாம். “எவரும் எந்நேரமும் தாராளமாக நடந்து போகலாம்” என்று கழகச் செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே பூங்காவுக்குக் காட்டுகிற தயவைத் தங்களுக்கும் காட்டவேண்டும் என்பது வேண்டுகோள்.

கவுன்சில் விரும்பினால் லாபநோக்கில்லாத கழகத்துக்குச் சலுகை கொடுக்கலாம். பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. என் மேலதிகாரி மோரீன் ஐரிஷ்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பவர். விண்ணப்பத்தை என் மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “நரியிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வா.”

எல்லோருக்கும் திறந்த வாசல்

நான் கோட்டும் டையும் கட்டி, கோப்பும் கையுமாகப் போனேன். வாசலில் “தனியார் நிலம், அங்கத்தவர் மட்டும்” என்று என் உயரத்துக்கு ஒரு பலகை. அதைத் தாண்டிப் பத்து அடி வைக்கவில்லை, செயலாளர் ஓடிவந்தார். சமையலறை வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று, அப்படியே திரும்பிப் போகலாம் என்றார். எனக்கு ஏறியது கோபம். ஆனாலும் வரிக்காரனுக்கு வாயைவிட அடையாள அட்டைதான் பலம், அதை எடுத்து நீட்டினேன்.

மனிதர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இரண்டு கையையும் விரித்தார்: “வாருங்கள், வாருங்கள், இது எல்லோருக்கும் சொந்தமான இடம்!”

பந்து பொறுக்கிய புண்ணியம்

அவர் எனக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது புல்வெளிக்குக் குறுக்கே ஒரு பெண் விறுவிறுவென்று நடந்து வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சீருடை, மேலே கம்பளிச் சட்டை, நெற்றியில் திருநீறு. தூரத்தில் ஒருவர் அடித்த வெள்ளைப் பந்து உருண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றது. அவர் சட்டென்று குனிந்து எடுத்தார். பாவம், யாரோ தொலைத்துவிட்டார்களே என்று அடித்தவரிடமே ஓடோடிப் போய் இரண்டு கையாலும் கொடுத்தார்.

மதிலுக்கு மேலால் வந்த பந்தைத் திருப்பிக் கொடுப்பதுதானே நாங்கள் பழகிய மரியாதை! கோல்ஃபில் கிடக்கும் பந்தைத் தொட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னது? பந்தை வாங்கிய கிழவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: “அம்மா, இந்த வாரத்தில் உங்கள் கருணை கிடைப்பது இது ஐந்தாவது தடவை.”

பூட்டு

அந்தப் பெண்ணின் பெயர் புவனம். செயலாளர் தேநீர் குடிக்கப் போன நேரம் மைதானத்தின் பின்வாசல் படலையில் அவரைப் பிடித்துப் பேசினேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கும் மாடி வீடு, இந்தப் பக்கம் வேலை செய்யும் ஆஸ்பத்திரி. குறுக்கே வந்தால் பதினைந்து நிமிடம். வீதியால் போனால் இரண்டு பஸ், இரண்டும் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். ஏற்கெனவே பிந்திப் போனதற்கு வேலையிடத்தில் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறார். அவரைக் கூப்பிடப் புவனம் அக்கா வேலையில் இருக்கிறார் என்று காட்டவேண்டும்.

அந்தப் படலைக்கு அடுத்த மாதத்தில் இருந்து பூட்டு என்று ஒரு அறிவித்தல் தொங்கியது. “வேலை போனால் இவர் வரேலாது தம்பி” என்றவர், அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டார்: “நான் என்ன களவோ எடுத்தனான், பொறுக்கித்தானே குடுத்தனான்?”

இரண்டு வரிக் கடிதம்

அன்றைக்கே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இது திறந்த வெளி இல்லை என்று எழுதினால் அது உண்மை, ஆனால் சலுகை கிடைக்காத கழகம் படலையைத் திறந்துவைக்காது, பூட்டு விழும். திறந்த வெளி என்று எழுதினால் பச்சைப் பொய். கடைசியில் அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுச் செயலாளருக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதினேன். “எவரும் எந்நேரமும் நடக்கலாம் என்கிறது உங்கள் விண்ணப்பம். படலையைப் பூட்டப்போகிறோம் என்கிறது உங்கள் அறிவித்தல். இதில் எது உண்மை என்று தயவுசெய்து அறியத்தரவும்.” மோரீன் வாசித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் பல்லைத் திறந்து சிரித்தார்.

பத்து நாளாகப் பதில் இல்லை. பதினோராம் நாள் தொலைபேசி அடித்தது. கழகம் கூடிப் பேசியதாம்; அறிவித்தலைக் கழற்றியாயிற்றாம், வாசல் பலகையையும் பிடுங்கியாயிற்றாம், படலை திறந்தே இருக்குமாம். வேண்டுமென்றால் எழுத்திலும் தருவார்களாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் செயலாளர் குரலைத் தாழ்த்தினார்: “அந்த அம்மாவிடம் பந்தைப் பற்றி மட்டும் நீங்கள் ஒரு வார்த்தை பேசமுடியுமா?”

காணி பார்க்க வந்தவர்

நான் பேசினேன், அவரும் கேட்டார். கவுன்சில் அரைவாசிச் சலுகைதான் கொடுத்தது. கழகம் முணுமுணுத்தது, ஆனால் படலை திறந்தபடியே இருந்தது. புவனம் அக்கா ஒரு நாளும் பிந்தவில்லை. அடுத்த வருடம் கணவர் வந்து சேர்ந்தார்.

வந்த கிழமையே அவரைக் குறுக்குப் பாதையால் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார் அக்கா, என்னைக் காட்ட. நான் எழுந்து இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மனிதரோ நன்றி எல்லாம் சொல்லவில்லை. பெரிய கவலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, நீங்கள் கவுன்சில்காரர் எண்டபடியால் கேக்கிறன், இவ்வளவு காணியையும் வைச்சுக்கொண்டு உவங்கள் ஒரு வாழைக்குட்டிதன்னும் நடேல்லையே?”

மனிதருக்காகத் திறக்காத படலை வரிச்சலுகைக்காகத் திறக்கும் என்பதுதான், இத்தனை வருடம் உறை ஒட்டி நான் கண்டுபிடித்த ஒரே ஞானம்.