இரண்டு டப்பாவும் அரை மணி நேரமும்

எந்தச் சரக்கை விற்றவனும் விற்ற கையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். எபாக்சி பசை விற்றவன் மட்டும், வாங்கியவர் அதைக் கலக்கிப் பூசி முடிக்கிறவரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும். உரம், பூச்சிமருந்து, தையல் மிஷின் என்று எதையாவது தெருத் தெருவாகச் செய்து காட்டி விற்ற சக பாவிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் சென்னைக் கம்பெனி ஒன்று விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் என் தலையில் கட்டியது. கல்லோடு கல்லையும், பழைய கான்கிரீட்டோடு புதுக் கான்கிரீட்டையும் ஒட்டுகிற பசை. ஒரு டப்பாவில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் கலந்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். தாமதித்தால் டப்பாவிலேயே இறுகிவிடும். எனக்கு ஆறு மாதத் தவணை. "நான் வந்து கண்ணால பார்க்கிற மாதிரி ஒரே ஒரு பெரிய வேலை நிக்கட்டும், உன்னை நிரந்தரமாக்கறேன். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ" என்று மானேஜர் சொல்லியிருந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, மனைவியையும் மாதிரி டப்பாக்களையும் ஒன்றாகக் குடிவைத்திருந்தேன். இருவரில் யாருக்கு இடம் அதிகம் என்று அவள் கேட்காத நாளில்லை.

ஆளுக்கொரு பக்கம்

முதல் விற்பனை வளவனூரில். ஒரு வீட்டில் சமையல் மேடைக்கு வாங்கிய கடப்பா கல் இரண்டாகப் போயிருந்தது. அங்கிருந்த கொத்தனாரிடம், "ரெண்டு டப்பாவும் சேர்ந்தாத்தான் ஒட்டும்" என்று பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன்.

மறுநாள் போனால் கல் அதே இரண்டு துண்டாக என்னை வரவேற்றது. கொத்தனார் முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். விசாரித்தால், ஒரு துண்டின் விளிம்பில் ரெசினைத் தடவியிருக்கிறார், மறு துண்டின் விளிம்பில் ஹார்டனரைத் தடவியிருக்கிறார், இரண்டையும் அழுத்தி வைத்து ராத்திரி முழுக்க அவை சேரட்டும் என்று காத்திருக்கிறார். முன்கூட்டியே ஒரு தகரத்தில் போட்டுக் கலக்க வேண்டும் என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "ரெண்டையும் ஒண்ணா கலக்கறதுதான்னா, நீங்களே கலக்கி ஒரே டப்பாவுல போட்டு விக்கறதுக்கு இன்னா சார்?"

தண்ணீர் ஊற்றிய உத்தமர்

கன்னியப்பன் மேஸ்திரி திண்டிவனத்துக்காரர். வேலையில் சுத்தம், வாயில் வெற்றிலை, மனசில் கள்ளமில்லை. உடைந்த சன்ஷேடு முனையைப் புதுக் கான்கிரீட்டால் கட்ட, என் பசையை எடுத்துக்கொண்டார். நானே நின்று கலக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில், அந்த மனிதர் பழைய கான்கிரீட்டில் இரண்டு குடம் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி ஊறவைத்து, ஈரம் தெரியாதபடி மேலாகத் துடைத்தும் வைத்துவிட்டார். ஈரத்தில் இந்தப் பசை பிடிக்காது. நாலாம் நாள் சன்ஷேடு முனை அப்படியே பெயர்ந்து கீழே வந்தது. நல்லவேளை, கீழே யாருமில்லை.

கம்பெனியைத் திட்டுவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் விழுந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றியதை அவராகவே சொன்னார். தப்பை இவ்வளவு நேராக ஒத்துக்கொண்ட ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை; அந்த நிமிஷமே அவர்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. அவர் சொன்னார்: "முப்பது வருசமா தண்ணி ஊத்தாத வேலையை நான் வேலைன்னே ஒத்துக்கினதில்ல சார், இனிமே ஒத்துக்கறேன், இன்னொரு செட்டு குடுங்க."

அம்மி

திண்டிவனம் ஹார்டுவேர் கடை வாசலில், உடைந்த கல்லை ஒட்டி மேஜையில் வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாள் தலைச்சுமையாக உடைந்த அம்மியின் இரண்டு பாதிகளையும் கொண்டுவந்து இறக்கினார். இதில் அரைத்தால் பசை சட்னியோடு வயிற்றுக்குப் போகும், ஒட்டித் தர முடியாது என்றேன். கூட்டம் என்னை விட்டு அவரைப் பார்த்தது. அவர் சும்மாட்டை உதறிக்கொண்டே சொன்னார்: "கல்லை ஒட்டும்னு கூவிக்கினு இருக்கறே, கல்லைக் கொண்டாந்தா ஒட்டமாட்டேன்றே, ரொம்ப பேஜாரான ஆளா இருக்கியேப்பா!"

வெள்ளிக்கிழமை பத்து இருபது

ஐந்து மாதம் ஓடிவிட்டது. மானேஜர் கேட்ட பெரிய வேலை மட்டும் வரவில்லை. அப்போதுதான் கன்னியப்பன் ஆளனுப்பினார்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி வைத்திருந்த நாராயணசாமி, திண்டிவனத்தில் புதுசாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். மணமேடைக்கு ஏறும் படியாக, ஒரே நீளமான கருங்கல். லாரியிலிருந்து இறக்கும்போது அது நடுவில் உடைந்துவிட்டது. மாற்றுக் கல் வரப் பத்து நாளாகும். திங்கட்கிழமை மண்டபத்தின் முதல் முகூர்த்தம்; அதுவும் அவர் மகளுக்கே. "உடைஞ்ச கல்லு மேல எம் பொண்ணு கால் வெச்சு ஏர்றதா?" என்று மனிதர் கலங்கிப் போயிருந்தார். ஒட்டினால் ஒரே கல்தான் என்று கன்னியப்பன் சத்தியம் செய்த பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: விஷயம் சம்பந்தி காதுக்கு எட்டக்கூடாது. சம்பந்தி எதிரில் மூச்சு விடமாட்டேன் என்று நானும் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதில் என் பிழைப்புக்கே உலை வைத்துக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

வியாழக்கிழமையே கன்னியப்பன் இரண்டு துண்டிலும் துளை போட்டு, செருக இரும்புக் கம்பி வெட்டி வைத்துவிட்டார். கல்லில் சொட்டு ஈரமில்லை. வெள்ளிக்கிழமை காலை கலக்க உட்கார்ந்தது அஞ்சலை. கன்னியப்பனிடம் பல வருஷமாகச் சாந்து கலக்கும் சித்தாள். குச்சியில் கோடு கிழித்து அளவு பார்ப்பார், ஒரு மயிரிழை பிசகாது. உளி கொத்தின கல்தூளைப் புடவைத் துணியில் சலித்துப் பசையில் சேர்த்தால் நிறமும் ஒத்துப்போகும் என்பது அவர் யோசனைதான். என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பெரிய செட் மட்டுமே.

பத்து இருபதுக்கு இரண்டு டப்பாவையும் ஒரு தகரத்தில் கொட்டிக் கலக்க ஆரம்பித்தார். பத்து இருபத்தெட்டுக்கு நாராயணசாமி உள்ளே வந்து கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. பத்தரைக்கு ராகு காலம். பன்னெண்டுக்கு மேல ஒட்டிக்கலாம்."

பத்து ஐம்பதுக்கு அந்தத் தகரத்தில் இருப்பது வெறும் கல். அதை அவரிடம் சொன்னேன். மகள் கல்யாணத்தைவிட உன் பசை பெரிதா என்பதுபோல என்னைப் பார்த்தார். கன்னியப்பனும் கையிலெடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்; ராகு காலத்தில் அவரே ஒரு செங்கல்லை எடுத்து வைக்க மாட்டார். தகரம் சூடேறத் தொடங்கியிருந்தது. என் ஆறு மாதமும் அதற்குள் இறுகிக்கொண்டிருந்தது.

அஞ்சலை மட்டும் கலக்குகிற கையை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே சொன்னார்: "வேலையை பத்து இருவதுக்கே நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சுங்க மொதலாளி, ஆரம்பிச்ச வேலையைப் பாதியில நிறுத்தறதுதாங்க ஆகாது."

மண்டி ஆட்கள் எட்டுப் பேர்

நாராயணசாமி கடிகாரத்தைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். "ஜல்தி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பத்து நாற்பத்தைந்துக்குக் கல் சேர்ந்து, கயிற்றால் இறுக்கப்பட்டு, மணல்மேல் படுத்திருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் அதைத் தூக்கிப் படியில் உட்கார வைக்க வேண்டும். மல்லாட்டை மூட்டை தூக்கும் ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். தூக்கும்போது நடுவில் ஒட்டு விட்டுப்போனால் அவர்கள் கால் போகும், கல்யாணம் போகும், கடைசியாக நான் போவேன். கல் தரையை விட்டு எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கல் படியில் உட்கார்ந்திருந்தது, ஒரு முனகல்கூட இல்லாமல். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அஞ்சலையைப் பார்த்துக் கும்பிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே தகரத்தைச் சுரண்டினார். எட்டுப் பேரில் மூத்தவர் மட்டும் கோபமாக இருந்தார்: "ஒட்டின எடத்துல கை வெக்காதீங்கன்னு மட்டும் சொல்றீங்களே சார், ஒட்டின எடம் எதுன்னு காட்டினாத்தானே வெக்காம இருக்கறதுக்கு!"

உடையாத கல்

கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் மானேஜர் சென்னையிலிருந்து வந்தார். உடைந்த படிக்கல்லை ஒட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே, சம்பந்தி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, பெருமையோடு மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். நாராயணசாமி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்; பக்கத்து நாற்காலியில் சம்பந்தி.

மானேஜர் படியருகே குனிந்து விரலால் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை. "எங்கேப்பா உடைஞ்ச இடம்?" என்று உரக்கவே கேட்டார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்த வாக்கா, கையிலிருக்கும் வேலையா? வாக்கைத்தான் காப்பாற்றினேன், அது நல்ல குணத்தால் அல்ல, குரல் எழும்பாததால். நாராயணசாமிதான் பேசினார்: "எம் மண்டபத்துல உடைஞ்ச கல்லுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. ஆனா நாளைக்கு எதுனா உடைஞ்சா பேஜாராயிடும் பாருங்க, இந்தத் தம்பிகிட்ட சொல்லி இருவது செட்டு இறக்கி வெச்சுடுங்க."

மானேஜர் அவரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனுஷன் இப்படி அடிச்சுச் சொல்றதைப் பார்த்தா, நீ ஒட்டினது சத்தியமா நிஜம்தான்யா."

ஆக, வேலை நன்றாக நடந்திருந்தால் அது நடக்கவே இல்லை என்று வாடிக்கையாளரே சாதிக்கிற ஒரு தொழிலில், நான் நிரந்தரமாக்கப்பட்டேன்.