சவரிமுத்து என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டேன்

செல்வராஜ் டாக்டருக்கும், நம் ஆஸ்பத்திரியில் ஐயாவோடு வேலை பார்த்த எல்லோருக்கும்,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை அவள் மார்பின்மேல் இருக்கிறது. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இன்று காலையிலிருந்து எனக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை.

காலையில் கம்பவுண்டர் கோதண்டம் சைக்கிளில் உறுவையாற்றுக்கு, என் அம்மா வீட்டுக்கு வந்தார். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டுவிட்டு, "ஐயா பூட்டாரும்மா" என்றார். எந்த ஐயா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். போன வாரம்தானே நம் பெரிய டாக்டர் இங்கே வந்து குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்! அடக்கமாகி மூன்று நாள் ஆகிறதாம். பச்சை உடம்புக்காரி என்று எனக்குச் சொல்லவில்லையாம்.

"ஏழாம் நாள் பூசை முடிஞ்சி ஆஸ்பத்திரில எல்லாரும் கூடறோம். படிக்கறதுக்கு அவரப் பத்தி நாலு வரி எழுதிக் குடும்மா" என்று கேட்டார் கோதண்டம். நாலு வரியில் அடங்காது. எல்லோர் முன்னாலும் படிக்கட்டும். நான் சொல்ல வேண்டியதை எல்லோரும் கேட்க வேண்டும்.

நான் சென்னையில் படித்துவிட்டு வந்து சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் அவரை "சார்" என்று கூப்பிட்டேன். "சார் வாணாம். ஐயான்னு கூப்புடு" என்றார். வயதானவர்கள் சிலர் பழைய பழக்கத்தில் "முசியே" என்பார்கள். அதற்கும் முகம் சுளிப்பார். நின்றுகொண்டு பேச வேண்டும், உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். எனக்கு உள்ளூர எரிச்சல். சம்பளப் பட்டியலில் இருவரும் டாக்டர்கள்தானே என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

இரண்டாம் வாரம் அது நடந்தது. காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணுக்குப் பெனிசிலினை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போன தடவை அந்த ஊசியில் முகம் வீங்கி மயங்கி விழுந்ததாக, நான் சீட்டு எழுதும்போது அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். "ஐயா" என்றேன். "இரும்மா" என்றார். "ஐயா, ஒரு நிமிஷம்..." என்றேன். வாசலில் பத்துப் பேர் ஐயா ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி இறங்கிவிட்டது. அவள் உதடு தடித்து, கண் செருகி, மாலை வரை போராடித்தான் மீட்டோம்.

என்னைத் திட்டுவார் என்று நின்றிருந்தேன். உட்காரச் சொன்னார்.

"எங்கப்பா பண்ணையில ஏர் ஓட்டனவரு. ஊர்ல மீச மொளைக்காத பசங்ககூட அவரப் பேர் சொல்லித்தான் கூப்புடுவானுங்க. அதனாலதான் நான் ஐயாவுக்கு இவ்ளோ அடம் புடிக்கிறேன். ஆனா பாரு, நாள் பூரா கேட்டு கேட்டு அது என் காதுல வுழறதே இல்ல. இனிமே நான் தப்பு பண்றதப் பாத்தின்னா பேர் சொல்லிக் கூப்புடு. மொட்டையா. எங்கம்மா போனப்புறம் என்ன அப்பிடிக் கூப்புட ஆளில்ல. கேட்டா திரும்பிப் பாப்பேன்."

நான் மாட்டேன் என்றேன். "மரியாத மத்த நேரத்துக்கு வச்சிக்க" என்றார்.

ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். இரவெல்லாம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருந்தார். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக்குப் பதில், பக்கத்திலிருந்த, புண்ணைச் சுட வைத்திருக்கும் காரமருந்துப் புட்டியைத் திறந்துவிட்டார். இரண்டும் ஒரே பழுப்பு நிறம். சொட்டுக் குழாய் குழந்தையின் இமைக்கு மேலே.

"சவரிமுத்து!"

கை அந்தரத்தில் நின்றது. வாசலில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், "இன்னாம்மா இது? பெரிய டாக்டர இப்பிடித்தான் கூப்புடறதா? பட்டணத்துல படிச்சா மரியாத மறந்துபூடுமா?" என்று எழுந்தே விட்டார். ஐயா அவர் பக்கம் பார்க்கவில்லை. "சொல்லுங்க டாக்டர்" என்றார் என்னிடம். அதுவரை என்னை அவர் டாக்டர் என்று அழைத்ததில்லை. புட்டியைக் காட்டினேன். பார்த்தார். மூடி வைத்தார்.

ஆயா அஞ்சலைக்கு நினைவிருக்கும். "நீ கூவன கூவுல அவுங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்திருப்பாங்க" என்று ஒரு மாதம் என்னைக் கேலி செய்தாள்.

செல்வராஜ், இனி எழுதுவது உங்களுக்கு.

பிரசவ லீவில் போகும்போது, என் இடத்துக்கு வரும் உங்களுக்கு மூன்று பக்கம் எழுதி வைத்தேன். ஐயா என்றே கூப்பிடுங்கள், சொல்லும் வரை உட்காராதீர்கள், எதிர்த்துப் பேசாதீர்கள், போகச் சொன்னால் போய்விடுங்கள். எல்லாம் எழுதினேன். இந்த ஒன்றை எழுதவில்லை. அவருடைய அப்பாவைப் பற்றி அவர் சொன்னதைக் காகிதத்தில் போட மனம் வரவில்லை. யாராவது எடுத்துப் படித்து அந்தப் பெயரை விளையாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டால்? மூன்று மாதம்தானே, வந்து நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஐயா போன அன்று நடந்ததைக் கோதண்டம் சொன்னார். ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இடது கையை அமுக்கிவிட்டுக்கொண்டே நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். நீங்கள் கவனித்துவிட்டீர்கள். "ஐயா, படுங்க, நான் பார்க்கிறேன்" என்றீர்களாம். "வாயுப்பா. நீ போயி ஊசி போடறவங்களப் பாரு" என்றாராம். மறுபடியும் ஐயா என்றீர்கள். "போன்னா போ" என்றார். போனீர்கள். திரும்பி வந்தபோது தலை மேஜைமேல் கிடந்தது.

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், வேலையை விட்டுப்போவதாகக் காகிதம் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். நீங்கள் போனது என் கடிதம் சொன்னபடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. திரும்பிப் பார்த்திருப்பார். அது எனக்குத் தெரியும். அந்த ஒரு வழியை உங்களிடம் தராமல் வந்தவள் நான்தான். இதை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "இவ என்ன இன்னான்னு கூப்புடுவா?" என்று கேட்டார். தாத்தா என்றேன். "தாத்தாவா? அவசரத்துக்கு ஒதவாது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் வண்டி ஏறினார். எப்படி முடிந்தது அதற்குள்?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயரை அல்ல, அது அவருடையது. அதை என்னிடம் கொடுக்க அவருக்கு இருந்த மனசை வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். லீவு முடிந்து வந்தால் அங்கே மூத்தவள் நான். அம்மா, மேடம், எதுவேண்டுமானாலும் சொல்லுங்கள். என் கை தவறான புட்டிக்குப் போனால், என் உடம்புக்கு ஏதாவது என்று தெரிந்தால், நான் போகச் சொன்னாலும் போகாதீர்கள். வேதவல்லி என்று கத்துங்கள். அஞ்சலையும் கத்தலாம்.

செல்வராஜ், வேலையை விடுவதாக எழுதிய அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுங்கள். கிழித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். மேலே என் பெயரை மட்டும் போட்டுத் தொடங்குங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

வேதவல்லி