அப்பா பெயர்: கங்காணி

கல்லில் பெயர் வெட்டுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: யாருக்காக வெட்டுகிறோமோ அவர் வந்து குறை சொல்வதில்லை. அவருக்கும் சேர்த்துக் குறை சொல்லச் சொந்தக்காரர்கள் வருவார்கள். சிரம்பானில் எங்கள் கடை. சமாதிகளுக்கு வைக்கும் பெயர்க்கல் செய்கிறோம். எழுத்தை இப்போது மெஷின் வெட்டிவிடுகிறது. வெட்டிய எழுத்துக்குப் பொன் வர்ணம் பூசுவது நான். கல்லைக் கொண்டுபோய் சிமெண்டு வைத்து நிறுத்துவது என் வீட்டுக்காரர். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. கடைப் பலகையில் இருக்கிறது, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம்.

உங்களில் பலருக்கு ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உங்கள் பெயரோ அப்பா பெயரோ கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். ஆயுசுக்கும் அதோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். அந்தக் கோணல் கடைசியாக வந்து சேருகிற இடம் என் மேசை. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து கிளம்பிய குடும்பங்களில் ஒரு கோணலை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கங்காணி’ என்று இருக்கும். ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து தோட்டத்தில் வேலை வாங்கியவரின் பதவி அது என்று நமக்குத் தெரியும். ஐசிக்குத் தெரியாது.

நீலாயிலிருந்து வந்த டீச்சர்

சரோஜா டீச்சர் நீலாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருபவர். அவருடைய அப்பா சுப்பையா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தலைத்திவசத்துக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று வந்தார். ஐசியைப் பார்த்து ‘சுப்பையா த/பெ கங்காணி’ என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசிச் சொல்லின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டார். அதை வெட்டக் கூடாது, தாத்தாவின் சொந்தப் பெயர்தான் வேண்டும் என்றார். அது என்ன பெயர் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

சுப்பையா பிறந்தது செண்டாயான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பிறப்பைப் பதிய வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், பெற்றவளிடம் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயந்த காலம். அவள் “கங்காணி” என்றாள். டிரஸ்ஸருக்கும் கங்காணியிடம் பயம்தான். மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதிக்கொண்டார். சுப்பையா நடை பழகுவதற்குள் கங்காணி போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு வேலைக்குப் போன இடத்தில் சுப்பையாவை எல்லோரும் மிஸ்டர் கங்காணி என்று கூப்பிட்டார்கள். டீச்சரின் தம்பி மெல்பர்னுக்குப் போய் அதையே குடும்பப் பெயராக்கிவிட்டான். இப்போது அங்கே ரப்பர்ப் பால்மரத்தையே பார்த்திராத இரண்டு சின்னக் கங்காணிகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

குடும்பத்தில் மிஞ்சியது ஒரு பழைய போட்டோ. தலைப்பாகை, கோட்டு, காதில் கடுக்கன். கடுக்கனில் இருந்தது சிவப்புக்கல் என்று சுப்பையாவுக்கு அவர் அம்மா சொல்லியிருக்கிறாள். தன் அப்பாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்தச் சிவப்பு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது மகளிடம் “எங்கப்பா பேரு என்னம்மா?” என்று கேட்டாராம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் விடை சொல்லித் தருகிறவர், அப்பாவுக்குச் சொல்ல வழியில்லாமல் நின்றிருக்கிறார். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னார். எழுந்து போகும்போதுதான் குரல் உடைந்தது.

“எங்கப்பா என்ன, ஒரு வேலைக்குப் பொறந்த புள்ளையா அக்கா?”

செண்டாயான் கங்காணி

கங்காணி என்று பெயர் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே வழியில் வந்தவர்களாக இருக்கலாம், யாராவது ஒருவருக்குத் தாத்தா பெயர் தெரிந்திருக்கும் என்று டீச்சர் நம்பினார். நானும் நம்பினேன். எங்களிடம் கல் வாங்கிய குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். கோலப்பிலாவில் ஒரு கங்காணி, போர்ட்டிக்சனில் ஒன்று, தம்பினில் ஒன்று. ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தந்தத் தோட்டத்தில் அந்தந்தப் பெண்சாதி வாயை மூடிக்கொண்டதில் முளைத்த கங்காணிகள். தோட்டம் விற்கப்பட்டு ஜனங்கள் டவுனுக்குப் போனபோது பெயரும் கூடவே போயிருக்கிறது.

செண்டாயானில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் கவின் என்ற பையனைப் பார்க்க நேரிலேயே போனோம். நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் ‘கங்காணி’ என்று இருந்தது. அவனுடைய கொள்ளுத்தாத்தா லாபுவில் இருந்தவர், டீச்சர் வழி இல்லை. டீச்சர் முகம் வாடியதைப் பார்த்து அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. பால் விடாத டீ, தே ஓ, வாங்கிக் கொடுத்தான். உனக்கு அந்தப் பெரியவரின் உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசை இல்லையா தம்பி என்று டீச்சர் கேட்டார். அவன் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னான்.

“இல்ல டீச்சர். எங்க லைன்ல மூணு கவின் இருக்கான். கங்காணி நான் ஒருத்தன்தான்லா.”

கிராணி வீட்டு மகன்

சுப்பையா பிறந்த தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுபவராக இருந்தவரின் மகன் சிரம்பானிலேயே இருந்தார். யாழ்ப்பாணக் குடும்பம், ஓய்வு பெற்ற ஆடிட்டர். அவருடைய அப்பாவுக்கும் நாங்கள்தான் கல் வைத்தோம். அப்போது ‘கிராணி’ என்று ஒரு மூலையில்கூட வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன மனிதர். கங்காணி குடும்பங்களுக்கு வேலை பெயராகிவிட்டது, கிராணி குடும்பங்களுக்கு வேலை மறைக்கிற சங்கதியாகிவிட்டது. ஒரே தோட்டத்தில் இரண்டு நியாயம்.

டீச்சரை உட்கார வைத்துப் பேசினார். சிவப்புக்கல் கடுக்கன் போட்ட கங்காணியைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அவர் செருமினாலே எல்லோரும் அடங்கிவிடுவார்களாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, தன் மேலேயே தப்பு இருப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

“எங்கட அப்பாவும் அவரைக் கங்காணி எண்டுதான் கூப்பிட்டவர் பிள்ளை. பேரைக் கேட்டாலே மரியாதைக்குறைவு எண்டு நினைச்ச காலம்.”

செம்பனைக்கு நடுவில்

அந்தத் தோட்டத்தில் பாதி இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள். மீதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. இடுகாடு செம்பனைப் பக்கம் தப்பித்துக் கிடந்தது. அங்கே வேலை செய்யும் வங்காளதேசத்து ஆள் ஒருவர் பாராங் கத்தியால் புல்லை வெட்டி வழி காட்டினார். கங்காணியின் சமாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, அது ஒன்றுதான் உயரமாக இருந்தது. பாசியைச் சுரண்டினேன். சிமெண்டில் நல்ல குண்டு எழுத்தில் ‘கங்காணி ஐயா’ என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. என் தொழில்காரன் எவனோ மரியாதையைக் கொட்டி எழுதியிருக்கிறான், பெயரை விட்டுவிட்டு. எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை.

டீச்சர் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். கும்பிடும்போது என்ன பெயரைச் சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல் உதடு அசைந்து நின்றுவிட்டது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. திரும்பும்போது வழி காட்டியவருக்கு நன்றி சொல்லி, உங்கள் பெயர் என்ன என்று மலாயில் கேட்டார். அவர் தன் கீழே பத்துப் பேரை மேய்க்கிற மேஸ்திரி, ஊரில் அவருக்கும் மனைவி மக்கள் இருப்பார்கள். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், மண்டோர் என்று கூப்பிட்டால் போதுமாம்.

“பங்கில் மண்டோர் சாஜா, புவான்.”

பகாவில் ஒரு நாய்

டீச்சர் சோர்ந்துபோய், பெயருக்கு இடம் விட்டு வெறும் ‘சுப்பையா’ என்று வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பகாவுக்குப் போனேன். மணியம் என்ற லாரிக்காரர் தன் அப்பாவுக்குக் கல் சொல்லியிருந்தார், அதில் பதிக்கப் போட்டோ வாங்க வேண்டும். கேட்டைத் திறந்ததும் ஒரு செவலை நாய் பாய்ந்து வந்தது. உள்ளேயிருந்து மணியம் அதட்டினார்: “டேய் அங்கப்பா, சும்மா இரு.”

நாய்க்கு மனுஷன் பெயரா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தார். அவர் வீட்டில் எந்த நாய் வந்தாலும் அங்கப்பன்தான். அப்பா காலத்திலும் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான். தாத்தாவும் அங்கப்பன் என்பவரும் ஒரே ஊர், சின்ன வயதில் சேர்ந்து மாடு மேய்த்தவர்கள். அந்த அங்கப்பன்தான் தாத்தாவைக் கப்பலில் கூட்டிவந்தார். கரை இறங்கியதும், இனிமேல் என்னைக் கங்காணி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். தாத்தாவும் அப்படியே கூப்பிட்டார். ஒருநாள் கைப்பிள்ளைக்கு ஜன்னி கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லீவு கேட்கப் பெரட்டுக் களத்துக்கு ஓடினார். பதற்றத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. “அங்கப்பா, புள்ள செத்துரும்டா” என்று கையைப் பிடித்துவிட்டார். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறை விழுந்தது. லீவும் இல்லை. பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டது, அந்தப் பிள்ளைதான் மணியத்தின் அப்பா. தாத்தா அந்த வாரமே ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்து அவர்கள் குடியிருந்த லயத்தில் விட்டார். பிறகு அந்தத் தோட்டமே வேண்டாம் என்று பகாவ் பக்கம் வந்துவிட்டார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். செண்டாயான் பக்கம் என்றார். அந்தக் கங்காணி காதில் கடுக்கன் போட்டிருப்பாரா என்று உடனே கேட்டேன்.

“சிவப்புக்கல் கடுக்கன். அறைஞ்சப்ப அதுதான் கண்ணு முன்னாடி ஆடுச்சுன்னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாராம்.”

டீச்சர் பகாவுக்கு வந்தார்

சொல்வதா, விழுங்கிவிடுவதா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “கேட்டது பேரு. அத மறைக்க நீ யாரு?” என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டேன், அறையையும் நாயையும் சேர்த்து. டீச்சர், அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவீர்களா என்று மட்டும் கேட்டார்.

மணியத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாங்கள் வருவதற்குள் நாய்க்கு டைகர் என்று பெயர் மாற்றியிருந்தார். “டைகர், டைகர்” என்று குடும்பமே கூப்பிட்டது. அது காரின் நிழலில் படுத்துக்கொண்டு காதைக்கூட அசைக்கவில்லை. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “அங்கப்பா” என்றார். நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து மடியில் தலையை வைத்தது. கங்காணியின் சொந்தக் குடும்பத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நாயைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையில் நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் தாத்தா அடித்தது தப்பு என்று மணியத்திடம் கைகூப்பினார். மணியம் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவர் மனைவிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“திட்டுறதுக்குத்தான் பேரு வச்சாங்களாம் டீச்சர். ஆனா எங்க வூட்டுல யாரும் அத ஒரு நாளும் பட்டினி போட்டதில்ல.”

கல் வைத்த அன்று

‘சுப்பையா த/பெ அங்கப்பன்’ என்று வெட்டினோம். மேலே கங்காணி என்று சின்னதாகப் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அது இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் இருக்கிறது என்றார் டீச்சர். மெல்பர்ன் தம்பி மட்டும் போனில் முனகினான். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் ஏறிய பெயர் இனி இறங்காது, அது அவன் பாடு. எழுத்துக்குப் பொன் பூசும்போது ‘அங்கப்பன்’ மேல் ஒரு பூச்சு கூடுதலாகவே போட்டேன். அதற்குத் தனியாகக் கேட்கவில்லை.

தலைத்திவசத்துக்கு முந்தின நாள், கல்லைத் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார் மணியம். என் வீட்டுக்காரரோடு சேர்ந்து இறக்கி, தானே சிமெண்டு குழைத்து நிறுத்தினார். சூடம் ஏற்றியதும் டீச்சர் அப்பாவின் கல் பக்கம் குனிந்து, “உங்கப்பா பேரு அங்கப்பன்பா” என்று சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில். மணியம் பின்னால் தள்ளி நின்று, உதட்டை அசைத்துக் கல்லைப் படித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே வூட்டு நாய்க்கு வேற பேருதான் பாக்கணும்க்கா.”

அன்றிலிருந்து, அப்பா பெயர் கங்காணி என்று சொல்லிக்கொண்டு யார் என் கடை ஏறினாலும், ஐசியை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் தோட்டத்தில் அவரோடு ஆகாத குடும்பம் எது, அவர்கள் நாய் வளர்த்தார்களா என்றுதான் கேட்கிறேன்.