கிணற்றுக்குள் தொங்கிய மருந்து

எனக்கும் இப்போது சலரோகம், பிரஷர் இரண்டும். காலையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இன்சுலின் குப்பியை எடுத்தேன். அந்தச் சில்லிப்பு கையில் பட்டதும் நினைவில் என் ஊரான கரவெட்டியின் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நாட்டில் சண்டைக் காலம், கரண்ட் இல்லை. என் பெரியம்மாவுக்கு இந்த இரண்டோடு மூச்சிழுக்கும் முட்டு வருத்தமும் இருந்தது. அவருடைய இன்சுலினைப் போத்தலில் போட்டுக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் குளிராக இருக்கத் தொங்கவிட்டிருந்தோம்.

கிணற்றில் பக்கத்து வீட்டு மாமிக்கும் பங்கு. தண்ணீர்த் தகராறில் அவருக்கும் பெரியம்மாவுக்கும் வருடக்கணக்காகப் பேச்சில்லை. ஆனாலும் விடிய முதலில் தண்ணீர் அள்ள வரும் மாமிதான் போத்தலை இழுத்து மேலே வைப்பார். பிறகு தன் ஆட்டிடம் சத்தமாகச் சொல்வார்:

"மருந்து எடுத்து வைச்சிருக்கு. ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடச் சொல்லு!"

பெரியம்மா குசினி அடுப்படியிலிருந்து எங்கள் கோழியிடம் சொல்வார்: "ஓம், போடுறன் எண்டு சொல்லு!"

ஒருநாள் முட்டு இழுத்ததில் பெரியம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. பதில் வராததால் மாமி தென்னங்கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எடியே, உயிரோடை இருக்கிறியோ?"

"ஓம்... ஆனா உன்னோடை நான் கதைக்கிறேல்லை."

மாமி அடுப்பில் சுடுதண்ணீர் வைத்தார்.

இன்று காலை என் ஊசியைப் போட்டுவிட்டு, "போட்டிட்டன் எண்டு சொல்லு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஆரோடை கதைக்கிறியள்?" என்றாள் மனைவி.

"கோழியோடை."